ஓர் எண், மூன்று முகங்கள்

பேச்சிப்பாறை அணையின் முழு நீர்மட்டம் 48 அடி. கன்னிப்பூ நடவுக்கு நாள் பார்க்கும் நாஞ்சில் நாட்டு உழவர்க்கு இந்த அடிக்கணக்கே பஞ்சாங்கம். என் தந்தையாரும் அதைத்தான் முதலில் கேட்பார்.

இதைக் கணிப்பொறித் திரையில் காட்டும் நிரல் ஒன்றை எண்ணிப் பாருங்கள். மேலே எண், அருகே உயரும் நீலப்பட்டை, குறித்த அளவைத் தாண்டினால் சிவக்கும் எச்சரிக்கை. மட்டம் மாறுந்தோறும் மூன்றையும் தனித்தனியே திருத்தக் கட்டளை எழுதலாம். ஒன்றை மறந்தாலோ, எண் 46 என்னும். பட்டை 41-இல் நிற்கும். கோதையாற்றங்கரையில் குடியிருப்பவர் எதை நம்புவார்?

இதற்கு மாற்றுதான் ‘டேட்டா பைண்டிங்’ எனும் தரவுப் பிணைப்பு. மட்டம் ஒரே பொருளில் இருக்கும். மூன்றும் அதனோடு பிணைக்கப்படும். ஆனால் பிணைத்தால் மட்டும் போதாது. சாதாரண மாறியில் புது மதிப்பை இட்டால் திரைக்கு அது தெரியாது. மதிப்பு மாறியதை அப்பொருளே அறிவிக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் 2006-இல் வெளியிட்ட டபிள்யூ.பி.எஃப். முறையில் இதற்கென ‘பிராப்பர்ட்டி சேஞ்ச்டு’ என்ற நிகழ்வு உண்டு. அறிவிப்பு வந்ததும் மூன்றும் புது மதிப்பை வாங்கிக்கொள்ளும்.

மட்டத்தைத் தட்டச்சு செய்யும் பெட்டிக்கு இருவழிப் பிணைப்பு வேண்டும். தட்டியது மூலத்திற்குப் போய்ச் சேர வேண்டுமல்லவா? பட்டைக்கும் எச்சரிக்கைக்கும் ஒருவழியே போதும். அவற்றில் யாரும் எழுதப்போவதில்லை.