பெரியவர்களுக்கு வரும் கூகைக்கட்டு

கூகைக்கட்டைச் சிறுபிள்ளைகளின் வருத்தமென்றே நாம் எண்ணுகிறோம். பிள்ளைகளுக்கு அது பெரும்பாலும் கன்ன வீக்கத்தோடு போய்விடும். பருவமடைந்த ஆணுக்கு வந்தால் கதை வேறு. கன்னம் வீங்கி ஒரு வாரமளவில் காய்ச்சல் மறுபடி ஏறி, விதையும் வீங்கி நோகலாம். தடுப்பூசி போடாத ஆண்களில் 100க்கு 15 முதல் 30 பேருக்கு இப்படி நேர்கிறது. இலங்கையில் இத்தடுப்பூசி (எம்.எம்.ஆர்.) 2011இலேயே தேசியத் திட்டத்தில் சேர்ந்தது, அதற்கு முன் பிறந்த பலர் அதைப் பெற்றிருக்கமாட்டார்கள்.

விதையைச் சுற்றியுள்ள உறை இழுபடாதது. உள்ளே வீங்கும்போது அழுத்தம் கூடி, விந்தணு உண்டாகும் நுண்குழாய்கள் பழுதடைகின்றன. பின்னர் விதை சற்றுச் சுருங்கலாம். எனினும் பெரும்பாலும் ஒரு பக்கமே வீங்குவதால் முற்றான மலட்டுத்தன்மை அரிது. "இனி இவனுக்குப் பிள்ளை இல்லை" என்ற ஊர்ப்பேச்சைக் கேட்டுக் கலியாணத்தைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. சந்தேகமிருந்தால் விந்துப் பரிசோதனை செய்யலாம்.

இவ்வைரசைக் கொல்ல மருந்தில்லை. ஓய்வு, விதைப்பையைத் தாங்கும் இறுக்கமான உள்ளாடை, குளிர் ஒத்தடம், பரசிற்றமோல் இவையே உதவும். சலம் எரிவுடன் போனால் வேறு கிருமியாக இருக்கலாம். வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கன்ன வீக்கமே இல்லாமல் திடீரென விதை கடுமையாக நொந்தால் அது முறுகியிருக்கக்கூடும். அப்போது வெட்கம் பார்த்து விடியும்வரை காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். ஆறு மணித்தியாலம் கடந்தால் விதையைக் காப்பாற்றுவது கடினம்.