போய் வருகிறோம், ஸார்!

பெண்கள் பள்ளிக்கூடத்தில் பிரிவு உபசாரம் என்றால் கைக்குட்டைகள் நனையும். ஆண்கள் பள்ளிக்கூடத்தில் பிரிவு உபசாரம் என்றால் சட்டைகள் நனையும். முன்னது கண்ணீரால், பின்னது பேனா மசியால். அழுவதற்கு வெட்கப்படுகிற ஜாதி ஆண்பிள்ளை ஜாதி. ஆகையால் அழுகை வரும்போதெல்லாம் பக்கத்தில் நிற்பவன் முதுகில் மசியைத் தெளித்து விட்டு ஓடி விடுகிறது!

பிளஸ் டூ படிக்கும் பிள்ளை இருக்கிற வீட்டைப் பற்றி வாசகிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பழைய பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.ஸி.யும், அதற்குப் பிறகு கல்லூரியில் ஒரு வருஷ பி.யு.ஸி.யும் போய், 1978-ல் தமிழ்நாட்டில் பிளஸ் ஒன் வந்தது. 1980 மார்ச்சில் முதல் பிளஸ் டூ பரீட்சை நடந்தது. அன்று முதல் நம் வீடுகளில் மார்ச் மாதம் என்றால் டெலிவிஷனுக்கு ஓய்வு, விருந்தாளிகளுக்குத் தடை, அப்பாவுக்குத் தும்மக் கூட அனுமதி கிடையாது.

1,200 மார்க்காக இருந்தது 2019 பரீட்சையிலிருந்து 600 ஆயிற்று. மாநில முதல், இரண்டாவது என்று ராங்க் அறிவிக்கும் வழக்கம் 2017-லேயே ஒழிந்தது. ஆனாலும் எதிர்வீட்டு மாமியின் விசாரணை மட்டும் ஒழியவில்லை. போதாக்குறைக்கு, வருஷா வருஷம் பெண்களே தேர்ச்சியில் முந்திக் கொள்கிறார்கள். 2025-ல் பெண்கள் 96.70 சதவீதம், பையன்கள் 93.16 சதவீதம். "பார்த்தாயா, பக்கத்து வீட்டுப் பெண்ணை!" என்ற வசனத்துக்குப் புள்ளி விவரமும் துணைக்கு வந்து விட்டால், பாவம், பையன்கள் எங்கே போவார்கள்?

மார்க் ஷீட்டில் ஆறு பாடங்களுக்கு ஆறு கட்டங்கள் இருக்கின்றன. ஏழாவது கட்டம் ஒன்று இருந்தால் அதில் என்ன எழுதலாம்? இதைத் தெரிந்து கொள்வதற்காகத்தான் சென்னையில், அரசு உதவி பெறும் ஓர் ஆண்கள் மேல்நிலைப் பள்ளிக்குப் பிரிவு உபசார தினத்தன்று போயிருந்தேன். எந்தப் பேட்டை, எந்தப் பள்ளி என்று கேட்காதீர்கள். பையன்களுடைய பெயர்களையும் கேட்காதீர்கள். "வீட்டிலே அம்மா இந்தப் பத்திரிகைதான் ஸார் வாங்கறாங்க!" என்று அவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

'ஒண்ணுமே படிக்கலை' திலகம்

முதல் பெஞ்சு, முதல் இடம். சட்டைப் பையில் நாலு பேனா. நாலிலும் மசி உண்டு. இரண்டு வருஷமாக ஒவ்வொரு பரீட்சைக்கும் முன்னால், "டேய், நான் ஒண்ணுமே படிக்கலைடா" என்று கண்கலங்கச் சொல்வது இந்தப் பிள்ளையாண்டானின் வழக்கம். அதை நம்பி, தாங்களும் படிக்காமல் பரீட்சைக்குப் போன அப்பாவிகள் ஏழெட்டுப் பேர். திரும்பி வந்த பிறகு, "நூறு வராதுடா, தொண்ணூற்றெட்டுதான் வரும்" என்று தலையில் கை வைத்துக் கொள்வான். ஒரு முறை வகுப்பே ஒன்று கூடி, கைக்குட்டையால் அவன் வாயைக் கட்டிப் பரீட்சை ஹாலுக்கு ஊர்வலமாக அழைத்துப் போனதாம்!

ஆனால், அதே பிள்ளையாண்டான்தான் சனிக்கிழமை தோறும் கடைசி பெஞ்சுக்காரர்கள் பதினோரு பேரை மரத்தடியில் உட்கார வைத்துக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவன். கட்டணம், ஆளுக்கு அரை சமோசா. "சமோசாவை எண்ணிப் பார்த்தால் நான்தான் ஸார் வகுப்பிலேயே பணக்காரன்" என்கிறான்.

ஹெட்மாஸ்டர் நம்பர் இரண்டு

கண்ணை மூடிக் கொண்டு கேட்டால், இவர்தான் ஹெட்மாஸ்டர். கண்ணைத் திறந்தால், ஐந்தடி உயரத்தில் ஒரு வாண்டு. போன வருஷம் மாடிப்படி மறைவில் நின்று, "யாரங்கே சத்தம்? எல்லாரும் வகுப்புக்குப் போங்கள்!" என்று இவன் ஒரு குரல் கொடுத்ததில், புதிதாக வேலைக்கு வந்திருந்த ஆசிரியர் ஒருவரும் விழுந்தடித்துக் கொண்டு வகுப்புக்குள் ஓடி விட்டாராம். அதற்குக் கிடைத்த தண்டனை, மூன்று நாள் வராந்தா வாசம்.

பிரிவு உபசாரக் கூட்டத்தில் ஹெட்மாஸ்டர் எழுந்தார். "இரண்டு வருஷமாக என்னைப் போலப் பேசுகிற மகானுபாவர் ஒருவர் இங்கே இருக்கிறார். இன்றைக்கு நான் பேசப் போவதில்லை. எனக்குப் பதில் அவரே பேசட்டும்" என்று சொல்லி உட்கார்ந்து விட்டார். பையன் வெலவெலத்துப் போனான். மேடைக்குத் தள்ளிக் கொண்டு போனார்கள். தொண்டையைக் கனைத்தான், மூக்குக் கண்ணாடியைத் தூக்கி விடுவது போல் பாவனை செய்தான். "அன்பான மாணவச் செல்வங்களே!" என்றான். கூரை அதிர்ந்தது. ஐந்து நிமிஷம் வெளுத்துக் கட்டினான். முடிக்கிற சமயத்தில், "நீங்கள் எங்கே போனாலும் இந்தப் பள்ளியை..." என்ற இடத்தில் குரல் தடுமாறிற்று. ஹெட்மாஸ்டருடைய குரல் போய் அவனுடைய சொந்தக் குரல் வெளியே வந்து விட்டது. மேற்கொண்டு பேச்சு வரவில்லை. ஹெட்மாஸ்டர் எழுந்து போய் அந்த வாக்கியத்தை முடித்து வைத்தார்.

நிலாக் கவி

ஆண்கள் பள்ளிக்கூடத்தில் கவிஞனாக இருப்பதைப் போலக் கஷ்டமான உத்தியோகம் வேறு இல்லை. பாட்டுடைத் தலைவி வேண்டுமென்றால் பஸ் ஸ்டாப்புக்குத்தான் போக வேண்டும். இந்தக் கவி, சாயங்காலம் நாலே முக்கால் மணிக்கு எதிர்ப்புறத்தில் பஸ் ஏறுகிற ஒரு நீல ரிப்பனைப் பற்றி எழுபத்திரண்டு கவிதைகள் எழுதியிருக்கிறான். ரிப்பனுக்குக் கீழே இருக்கும் முகத்தை இன்னும் சரியாகப் பார்த்தது கிடையாது. பார்ப்பதற்குள் பஸ் கிளம்பி விடுமாம்!

தமிழ் ஐயா அந்த நோட்டைப் பிடித்து விட்டார். பிரளயம் என்றே எல்லாரும் நினைத்தார்கள். மறுநாள் நோட்டு திரும்பி வந்தது. எழுபத்திரண்டு கவிதைகளிலும் ஒற்றுப் பிழைகளைச் சிவப்பு மசியால் திருத்தி, கடைசிப் பக்கத்தில், 'நிலா போதும். வேறு பொருளும் உலகில் உண்டு. தொடர்ந்து எழுதுக' என்று குறிப்பும் போட்டிருந்தார். அதற்குப் பிறகு அவன் எழுதிய கவிதை, விடியற்காலையில் எழுந்து தனக்கு டிபன் கட்டுகிற அம்மாவைப் பற்றியது. அம்மாவிடம் காட்டினாயா என்று கேட்டேன். "ஐயோ, வெட்கமாயிருக்கு ஸார்!" என்றான். நீல ரிப்பனுக்கு வராத வெட்கம் அம்மாவுக்கு வருகிறது!

ஆறடி மெக்கானிக்

கடைசி பெஞ்சு, ஜன்னலோரம். ஆறடி இரண்டு அங்குலம். இரண்டு வருஷத்தில் இவன் வகுப்பில் பேசியது மொத்தம் இருபது வார்த்தை இருந்தால் அதிகம். அதில் பாதி, "உள்ளேன் ஐயா". கேள்வி கேட்டால் எழுந்து நிற்பான். அவன் முழுக்க எழுந்து நிமிர்வதற்குள் ஆசிரியருக்குக் கேள்வியே மறந்து விடும்.

ஆனால் மின்விசிறி நின்றால், குழாய் ஒழுகினால், பூட்டு மாட்டிக் கொண்டால் பியூன் முதல் ஹெட்மாஸ்டர் வரை தேடுவது இவனைத்தான். கூட்டத்தன்று வரவேற்புரை தொடங்கியதும் மைக், 'கொய்ங்' என்று கத்தி விட்டுப் பிராணனை விட்டது. ஆறடியார் மெதுவாக எழுந்தார், மேடைக்குப் போனார், ஒரு ஒயரைப் பிடுங்கினார், பல்லால் கடித்துச் சீவி இன்னோர் இடத்தில் சொருகினார். உயிர் வந்தது. "ஹலோ, ஒன், டூ, த்ரீ" என்று சோதித்துப் பார்த்தார். அதற்கு எழுந்த கரகோஷம் அன்றைக்கு எந்தப் பேச்சாளருக்கும் கிடைக்கவில்லை. இயற்பியல் ஆசிரியர் என் காதோடு சொன்னார்: "மின்சாரப் பாடத்தில் இவன் வாங்கின மார்க் முப்பத்தெட்டு. தப்பு யார் மேல் என்று யோசித்துக் கொண்டிருக்கிறேன்."

மூக்குக் கண்ணாடி ரகசியம்

காலை நாலரை மணிக்குச் சைக்கிளில் கிளம்பி, நூற்றிருபது வீடுகளுக்குப் பத்திரிகை போடுகிற பையன் ஒருவன். அப்பா இல்லை. அம்மா இரண்டு வீடுகளில் சமையல் வேலை பார்க்கிறார். எவ்வளவு வேகமாக மிதித்தாலும் முதல் மணி அடித்துப் பத்து நிமிஷம் கழித்துத்தான் அவனால் வகுப்புக்கு வர முடியும். ஆனால் இரண்டு வருஷத்தில் ஒரு நாள் கூட அவன் பெயருக்கு நேரே 'தாமதம்' என்று விழுந்ததில்லை.

காரணம் என்னவென்றால், வகுப்பு ஆசிரியருக்கு ஒரு வழக்கம். வருகைப் பதிவேட்டைத் திறந்ததும், "அடடா, கண்ணாடியை எங்கே வைத்தேன்?" என்பார். மேஜை டிராயரைப் பார்ப்பார், பையைக் குடைவார், ஜன்னல் விளிம்பில் தடவுவார். வாசலில் சைக்கிள் மணி கேட்டதும் கண்ணாடி சட்டைப் பையிலிருந்தே அகப்பட்டு விடும்! வகுப்பில் இருந்த நாற்பத்தாறு பையன்களுக்கும் இந்த ரகசியம் தெரியும். சில நாள் சைக்கிள் இன்னும் நேரமாக்கினால், "ஸார், பீரோவுக்குப் பின்னாலே பாருங்க ஸார்!" என்று அவர்களே யோசனை சொல்வார்களாம். தெரியாதவன் அந்தப் பையன் ஒருவன்தான். கூட்டம் முடிந்த பிறகு யாரோ அதை உளறிக் கொட்டி விட்டார்கள். பையன் ஓடினான். ஆசிரியர்கள் அறை வாசலில் நின்றான். சொல்ல வாய் வரவில்லை. "என்னடா முழிக்கிறே? போய்ப் படி" என்றார் ஆசிரியர், நிஜமாகவே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி.

பகலில் வேலை, மாலையில் கல்லூரி என்று அவன் திட்டம் போட்டிருக்கிறான். ராமேசுவரத்தில் ஓடும் ரயிலிலிருந்து வீசப்பட்ட பத்திரிகைக் கட்டுகளைப் பிடித்து, வீடு வீடாகப் போட்ட ஒரு சிறுவன், ராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ் பள்ளியில் படித்து, 2002-ல் நாட்டின் ஜனாதிபதியானார். அப்துல் கலாமுடைய கதையை இவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. "அவருக்கு ரயில், எனக்குச் சைக்கிள், அவ்வளவுதான் ஸார் வித்தியாசம்!" என்று சிரிக்கிறான்.

'ஒன்றுமில்லாத' பையன்

"இவனைப் பற்றி எழுத ஒன்றுமில்லை ஸார்" என்று நண்பர்களே ஒரு பையனைக் காட்டினார்கள். ஓடத் தெரியாது, பாட வராது, மார்க்கும் நடுத்தரம். சேட்டை செய்து மாட்டிக் கொண்ட சரித்திரமும் இல்லை.

அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் பார்வையில்லாத மாணவன். "இவன்தான் ஸார் என் புஸ்தகம்" என்றான் அவன். இரண்டு வருஷமாகத் தினந்தோறும் வகுப்பு முடிந்து ஒரு மணி நேரம் வரலாறும் பொருளாதாரமும் வாய் விட்டுப் படித்துக் காட்டியிருக்கிறான், இந்த ஒன்றுமில்லாத பையன். ஜுரம் வந்த நாட்களில் செல்போனில் பதிவு செய்து அனுப்பியிருக்கிறான். நடுநடுவே இருமலும் பதிவாகியிருக்கிறது. பார்வையில்லாத மாணவர்களுக்குப் பரீட்சையில் சொல்வதை எழுத ஓர் ஆளும், கூடுதலாக ஒரு மணி நேரமும் உண்டு. ஆனால் அங்கே போய்ச் சொல்வதற்குப் பாடம் மனத்தில் இருக்க வேண்டுமே! "படித்துப் படித்து எனக்கே வரலாறு வந்து விட்டது ஸார். லாபம் எனக்குத்தான்" என்கிறான் இவன்.

*

இந்தப் பையன்கள் என்ன ஆவார்கள்? ஜோசியம் சொல்ல நான் தயாராயில்லை. 1904-ல் கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் கணக்குக்குப் பரிசு வாங்கிக் கொண்டு வெளியே வந்த ஒரு பையன், கல்லூரியில் மற்றப் பாடங்களில் கோட்டை விட்டு, உபகாரச் சம்பளத்தையும் இழந்தான். அவன்தான் 1918-ல் லண்டன் ராயல் சொஸைட்டியின் அங்கத்தினரான ஸ்ரீனிவாச ராமானுஜன். இன்னொரு பையனுடைய அப்பா மைசூரில் ஹெட்மாஸ்டர். பையனோ கல்லூரி நுழைவுப் பரீட்சையில் தேறாமல் ஒரு வருஷம் வீட்டிலிருந்து கதைப் புத்தகமாகப் படித்துத் தள்ளினான். அந்த ஆர்.கே. நாராயண், பள்ளிக்கூடப் பையன்களையே கதாபாத்திரங்களாக்கி 1935-ல் வெளியிட்ட முதல் நாவல்தான் 'ஸ்வாமியும் நண்பர்களும்'. அப்போது அந்த இரண்டு வீடுகளிலும் அம்மாக்கள் எத்தனை இரவு தூங்காமல் இருந்தார்களோ!

ஆகவே, வாசகிகளே, ரிஸல்ட் வருகிற அன்று மார்க் ஷீட்டைப் பாருங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் பையன் எத்தனை பேருக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தான், யாருக்குப் புத்தகமாக இருந்தான் என்பதையும் சாவகாசமாக ஒரு நாள் விசாரியுங்கள். நேரே கேட்டால் சொல்ல மாட்டான். தோசை வார்த்துக் கொண்டே கேளுங்கள். மூன்றாவது தோசைக்கு வாய் திறக்கும்.

இன்னொரு விஷயம். கடைசி நாளன்று பிள்ளை வீட்டுக்குக் கொண்டு வரும் வெள்ளைச் சட்டை, முன்னும் பின்னும் கையெழுத்தும் கிறுக்கலுமாய்ப் பார்க்கவே சகிக்காது. நாற்பது பேர் அதில் தங்கள் மனத்தை மசியால் கொட்டியிருப்பார்கள். தயவு செய்து அதை மட்டும் சோப்புத் தண்ணீரில் ஊறப் போட்டு விடாதீர்கள். மார்க் ஷீட்டில் இல்லாத ஏழாவது கட்டம் அதுதான்!