அடங்காத படர்தாமரை

குறுவை நடவு நாளில் ஈரப் பாவாடை இடுப்பில் ஒட்டிக் கிடக்கும். கால் நாளெல்லாம் சேற்றில் நிற்கும். தஞ்சை வட்டாரத்தில் நடவாட்களைச் சேற்றுப்புண்ணும் படர்தாமரையும் விடாமல் துரத்துவதற்கு இதுவே காரணம்.

படர்தாமரை ஒரு பூஞ்சைத் தொற்று. தோலின் மேலடுக்கில் உள்ள கெரட்டின் புரதத்தைத் தின்று, தொற்றிய இடத்திலிருந்து நாலாபக்கமும் பரவும். விளிம்பு சிவந்து நடு தெளிந்து வட்டமாகத் தெரிவது அதனால்தான். முன்பு சில வாரங்களில் மருந்துக்கு அடங்கிய நோய், இன்று பலருக்கு மாதக்கணக்கில் இழுக்கிறது. காரணம் இரண்டு.

ஒன்று, மெடிக்கலில் கேட்டு வாங்கும் கலவை க்ரீம். அதிலுள்ள குளோபீட்டசால் போன்ற ஸ்டீராய்டு அரிப்பைச் சட்டென அமர்த்தும். பூஞ்சையை எதிர்க்கும் உடலின் தற்காப்பையும் சேர்த்தே அமர்த்திவிடும். வட்டம் கலைந்து அடையாளம் தெரியாமல் போகும். பூசுவதை நிறுத்தினால் முன்னிலும் மோசமாகக் கிளம்பும். இத்தகைய ஸ்டீராய்டு க்ரீம்களைச் சீட்டின்றி விற்கக் கூடாது என 2018இல் மத்திய அரசு விதித்தது. ஆனாலும் பழக்கம் விடவில்லை.

இரண்டு, பூஞ்சையே மாறிவிட்டது. இந்தியாவில் இப்போது பரவலாக இருக்கும் 'டிரைக்கோஃபைட்டான் இண்டோடினியே'வுக்கு 2020இல் பெயர் வைத்தவர்கள் ஜப்பானிய ஆய்வாளர்கள். படர்தாமரைக்கு வழக்கமாகத் தரும் டெர்பினாஃபின் மருந்து, செல்சவ்வு கட்டப் பூஞ்சைக்குத் தேவையான ஒரு நொதியை முடக்கும். இந்தப் பூஞ்சையில் அந்த நொதிக்கான மரபணுவில் ஓரிடம் மாறினாலே மருந்தின் பிடி தளர்ந்துவிடும்.

ஆகவே, பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்ட மாத்திரை உங்களுக்கும் கேட்கும் என்ற உறுதி இல்லை. தோல் மருத்துவர் வட்டத்தின் விளிம்பைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இட்டு நுண்ணோக்கியில் பார்ப்பார். கரைசல் தோல் செல்களைக் கரைத்ததும் பூஞ்சை இழைகள் தெரியும். மருந்து கேட்காதவர்களுக்குப் பூஞ்சையை ஆய்வகத்தில் வளர்த்து, எந்த மருந்துக்கு அடங்குகிறது என்று சோதிக்கலாம். மரபணு மாற்றத்தையும் தேடலாம்.

அதன்பின் ஆளையும் பார்க்க வேண்டும். மாற்றாகத் தரப்படும் இட்ராகோனசோல், டெர்பினாஃபின் தொடாத வேறொரு நொதியைத் தாக்குகிறது. ஆனால் அந்தக் கேப்சூல் உடலில் சேர வயிற்றில் அமிலம் வேண்டும். அமிலத்தைக் குறைக்கும் கேஸ் மாத்திரை போடுகிறவருக்குச் சரியாகச் சேராது. இதயம் பலவீனமானவருக்கு அதைத் தரவே தயங்குவார்கள்.

டாக்டரிடம் போகும்போது இதுவரை பூசிய டியூப்களையும் தினமும் விழுங்கும் மாத்திரைகளையும் கையோடு கொண்டுபோங்கள். வீட்டில் வேறு யாருக்காவது அரிப்பு இருந்தால் அவரையும் அழைத்துப்போங்கள். ஒருவரை விட்டுவிட்டால் அவரிடமிருந்து மற்றவருக்குத் திரும்பத் தொற்றும்.