சோழிக்குள் ஒரு நத்தை

தாயக்கட்டத்தில் உருட்டுகிறோம், சோதிடர் பரப்பிப் பலன் சொல்கிறார். அந்தச் சோழி ஒரு கடல் நத்தையின் ஓடு. இந்தியப் பெருங்கடல், பசிபிக் பகுதிகளில் பவளப்பாறை ஓரங்களில், ஆழம் குறைந்த நீரில் வாழ்கிறது. பகலில் கல்லிடுக்கில் ஒளிந்திருந்து இரவில் பாசி மேயும். பெரும்பாலும் இரண்டு, மூன்று செ.மீ. நீளம்தான்.

குட்டியைப் பார்த்தால் சோழி என்று நம்பமாட்டோம். சுருளும் அகன்ற வாயும் மெல்லிய விளிம்புமாகச் சாதாரண நத்தை போலத்தான் இருக்கும். பருவம் வந்ததும் விளிம்பு உள்ளே மடிகிறது; வாய் குறுகிக் கீறலாகி, இருபுறமும் பல்வரிசை முளைக்கிறது. அதன்பின் ஓடு தடிக்குமே தவிர நீளாது. இன்னொரு விசேஷம், நத்தையின் தோல்மடிப்பு வெளியே வந்து ஓட்டைப் போர்த்திக்கொள்ளும். மேலே பளபளப்பைப் பூசுவதும் அதுவே. அதனால் பாசி ஒட்டுவதில்லை, ஓடு மங்குவதில்லை.

ஒரு காலத்தில் சோழி பணமாகவும் புழங்கியது. ஏறக்குறைய ஒரே அளவு, உடையாத உறுதி, அழியாத மெருகு. பணத்துக்கு வேறென்ன வேண்டும்? கள்ளச் சோழி செய்தால் செய்கூலிக்கே கட்டாது.

இந்தப் பணத்தின் அக்கசாலை மாலத்தீவு. கடலில் தென்னை மட்டைகளைப் போட்டுவைத்தால் நத்தைகள் வந்து ஒட்டிக்கொள்ளும். கரையில் குழி தோண்டிப் புதைத்து, சதை அழுகியதும் ஓட்டை எடுப்பார்கள். 14-ஆம் நூற்றாண்டில் அங்கே வாழ்ந்த பயணி இபன் பதூதா, ஒரு பொன் தினாருக்கு நான்கு லட்சம் சோழி என்கிறார். அதே தினாருக்கு ஆப்பிரிக்காவின் மாலியில் 1,150தான். வணிகர்கள் சும்மா இருப்பார்களா?

வங்கத்துக்கு அரிசிக்கு மாற்றாகச் சோழி போனது. 1770-களின் இறுதியில் சில்ஹெட் மாவட்டத்தின் இரண்டரை லட்சம் ரூபாய் வரியும் சோழியாகவே வந்ததாக, அங்கே ஆட்சியராக இருந்த ராபர்ட் லிண்ட்சே எழுதியிருக்கிறார். ரூபாய்க்கு 5,120. படகுப் படகாக டாக்காவுக்கு அனுப்பவேண்டியிருந்தது.

இதைவிடக் கொடிய கணக்கும் உண்டு. ஐரோப்பியக் கப்பல்கள் அடிப்பாரமாகச் சோழியை ஏற்றிப்போய், பிறகு மேற்கு ஆப்பிரிக்காவில் மனிதர்களை அடிமைகளாக வாங்க அதைக் கொடுத்தன.

19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய வணிகர்கள் சான்சிபார் பக்கத்திலிருந்து மற்றொரு இனத்தை, முதுகில் மஞ்சள் வளையமுள்ள மலிவுச் சோழியை, மேற்கு ஆப்பிரிக்காவில் கொண்டுவந்து குவித்தார்கள். விலை சரிந்தது; சோழியைச் சேர்த்துவைத்தவர்கள்தான் நொடித்தார்கள்.