ஆயில் என்ஜின் ஏறி இறங்கி ஓடுகிறதா?

காஞ்சிபுரத்தை அடுத்த முசரவாக்கம் வட்டாரத்தில் ஏரி நிறைந்த ஆண்டில் சம்பாவுக்குக் கவலை இல்லை. சித்திரையில் தொடங்கும் சொர்ணவாரிப் பட்டம் அப்படியல்ல. ஏரி வற்றி வரும் காலம் அது, கிணறுதான் துணை. மின் இணைப்புக்குப் பதிந்துவிட்டுக் காத்திருக்கும் சிறு விவசாயிகள் ஆயில் என்ஜினை நம்பித்தான் நாற்று விடுகிறார்கள். பூக்கும் தருணத்தில் பயிர் காய்ந்தால் மணி பிடிக்காமல் பதராகிவிடும். அந்த நேரம் பார்த்து என்ஜின் 'ஹூம்... ஹூம்...' என்று வேகம் கூடிக் குறைந்து ஓடத் தொடங்கினால், பலரும் உடனே டீசல் பம்பையும் நாசிலையும் கழற்றிக் கொண்டு டவுனுக்கு ஓடுகிறார்கள். பெரும்பாலும் அது தேவையில்லாத செலவு.

முதலில் சத்தத்தைக் கேட்க வேண்டும். இந்தப் பக்கத்தில் தறியும் நிலமுமாக உள்ள குடும்பங்கள் உண்டு. தறியின் ஓசை மாறினால் அடுத்த அறையில் இருப்பவருக்கும் தெரிந்துவிடும். என்ஜினும் அப்படித்தான். வேகம் ஒரே ஒழுங்காக ஏறுவதும் இறங்குவதுமாக இருப்பது ஒரு கோளாறு. இதை மெக்கானிக்குகள் 'ஹண்டிங்' என்பார்கள். ஒழுங்கில்லாமல் நடுநடுவே ஒரு அடி விட்டு விட்டு ஓடுவது வேறு கோளாறு. முன்னதற்குக் காரணம் பெரும்பாலும் கவர்னர் பக்கம் இருக்கும். பின்னதற்கு டீசல் வரும் வழியிலோ நாசிலிலோ இருக்கும். 650 சுற்று வேகத்தில் ஓடும் இரட்டைச் சக்கர என்ஜினில் நிமிடத்துக்கு 325 முறைதான் டீசல் எரிகிறது. காது கொடுத்துக் கேட்டால் விட்டுப்போன அடி தெரியும். 1500 சுற்று என்ஜினில் இது கடினம். புகையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

கவர்னர் என்பது என்ஜினுக்குக் கடிவாளம். சுழலும்போது விரியும் இரண்டு குண்டுகள், அவற்றை எதிர்த்து இழுக்கும் ஒரு ஸ்பிரிங், இவற்றின் அசைவை டீசல் பம்பின் ராடுக்குக் கொண்டு போகும் நெம்புகோல், இவ்வளவுதான். வேகம் கூடினால் குண்டு விரிந்து டீசலைக் குறைக்கும். வேகம் குறைந்தால் ஸ்பிரிங் இழுத்து டீசலைக் கூட்டும். ராடு பிசினால் இறுகியிருந்தால் என்ன ஆகும்? வேகம் மிகவும் கூடிய பிறகுதான் அது அசையும். அசையும்போது ஒரேயடியாகக் குதித்து டீசலை அளவுக்கு மீறிக் குறைக்கும். வேகம் விழும். மறுபடி தாமதம், மறுபடி குதிப்பு. இந்த ஊசலாட்டம் புதிதல்ல. ஜேம்ஸ் வாட் 1788-இல் நீராவி என்ஜினுக்குக் கவர்னர் பொருத்திய காலத்துக்குப் பிறகு ஆலை முதலாளிகள் பலர் இதனால் அவதிப்பட்டனர். மாக்ஸ்வெல் என்ற பெரிய விஞ்ஞானியே 1868-இல் இதைப்பற்றிக் கணக்குப் போட்டுக் கட்டுரை எழுதினார். நம் கிணற்று மேட்டில் நடப்பதும் அதே கதை.

ஆனால் கவர்னரைத் தொடும் முன் கோளாறு என்ஜினிலா, பம்பிலா என்று பிரித்தறிய வேண்டும். தண்ணீர் வாயைப் பார்க்கவும். தண்ணீர் முழுக் குழாயாக வராமல் காற்றும் நீருமாகத் துப்பினால், பம்ப் காற்றை உறிஞ்சுகிறது என்று பொருள். காற்று வரும்போது சுமை குறைந்து என்ஜின் ஓடும். நீர் வந்ததும் திணறும். கோடையில் நீர்மட்டம் இறங்கி புட்வால்வு வெளியே தெரியலாம். உறிஞ்சு குழாயின் இணைப்பில் கசிவு இருக்கலாம். எந்தப் பம்பும் 33, 34 அடிக்கு மேல் உறிஞ்ச இயலாது. நடைமுறையில் 20 அடியைத் தாண்டினாலே சிரமம். சந்தேகம் இருந்தால் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, வேகத்தைத் தாழ்த்தி, என்ஜினை வெறுமனே சில நிமிடம் ஓட விடவும். சீராக ஓடினால் முதலில் பம்ப், பெல்ட், குழாய் ஆகியவற்றைப் பார்க்கலாம். ஆனால் சுமை இல்லாமல் சீராக ஓடுவதால் மட்டும் என்ஜினில் பழுது இல்லை என்று முடிவு செய்துவிடக் கூடாது.

வெறுமனே ஓடும்போதும் ஏறி இறங்கினால், அடுத்து டீசல் டேங்க். மூடியைத் திறந்துவிட்டு ஓட்டிப் பார்க்கவும். உடனே சீரானால் மூடியின் காற்றுத் துளை அடைபட்டிருக்கிறது. ஒரு குண்டூசியால் குத்திவிட்டால் தீர்ந்தது. இல்லையென்றால் என்ஜினை நிறுத்தி, டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் டீசலைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து ஒரு மணி நேரம் வைக்கவும். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் பிரிந்து நிற்கும். பிளாஸ்டிக் கேனில் வாங்கி வெட்டவெளியில் வைப்பவர்களுக்கு இந்தத் தொல்லை அதிகம்.

பிறகு பில்டர், குழாய். டீசல் குழாயில் காற்று புகுந்திருந்தால் முதலில் பில்டரின் திருகைத் தளர்த்தி, குமிழி நின்று டீசல் வழிய ஆரம்பித்ததும், வழியும்போதே இறுக்க வேண்டும். அடுத்து பம்பின் திருகு. கடைசியாக நாசிலுக்குப் போகும் குழாய். எல்லாம் இறுக்கிய பின் ஹேண்டிலைச் சுற்றினால் நாசிலில் 'கிர்க்' என்ற சத்தம் கேட்க வேண்டும். காற்று திரும்பத் திரும்பச் சேர்ந்தால் எங்கோ வாஷர் தேய்ந்திருக்கிறது.

கார் மெக்கானிக்கை அழைத்து வருபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய பெட்ரோல் அம்பாசடரில் நின்ற இடத்தில் ஓட்டம் தடுமாறினால், கார்புரேட்டருக்குக் கீழே பேக்கிங் வழியாகக் காற்று புகுகிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். டீசல் என்ஜினில் அந்த இடத்துக் கசிவால் ஓட்டம் தடுமாறாது. ஆனால் புழுதி உள்ளே போய் ரிங்கைத் தின்றுவிடும். இங்கே காற்று புகக் கூடாத இடம் டீசல் குழாய். இரண்டையும் குழப்பிக்கொண்டு நாள் முழுவதும் பேக்கிங் மாற்றுவோரும் உண்டு.

இவை எல்லாம் சரியென்றால் கவர்னர். என்ஜினை நிறுத்திவிட்டு பம்பின் ராடை விரலால் தள்ளிப் பார்க்கவும். வெண்ணெயில் கத்தி போல நகர வேண்டும். பிடித்து விட்டால் சுத்தமான டீசலால் கழுவித் துடைத்து, இணைப்புகளில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் பல என்ஜின்கள் அன்றே சரியாகிவிடும். நெம்புகோல் துளைகள் தேய்ந்து ஆட்டம் கொடுத்தால் பின்னை மாற்ற வேண்டும். ஸ்பிரிங் மட்டும் கடையில் கிடைத்ததைப் போடக் கூடாது. வெட்டுவதும், இழுத்து நீட்டுவதும் தவறு. அந்த என்ஜினுக்கு உரிய ஸ்பிரிங்தான் வேண்டும்.

அடி விட்டு ஓடிக் கரும்புகை கக்கினால் நாசிலைச் சோதிக்கலாம். கடையில் அழுத்தம் வைத்துப் பார்ப்பதே நல்லது. வீட்டிலேயே நாசிலை வெளியில் மாட்டி ஹேண்டில் சுற்றிப் பார்ப்பவர்கள், பீச்சும் முனைக்கு முன் கையைக் கொண்டு போகவே கூடாது. டீசல் ஊசியைப் போலத் தோலைத் துளைத்து உள்ளே போகும். சிறு புள்ளிதானே என்று இருந்தால் விரலையே எடுக்க நேரும். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ராடு முழு டீசல் நிலையில் சிக்கிக்கொண்டாலோ, காற்று பில்டரில் குறிக்கு மேல் எண்ணெய் ஊற்றியிருந்தாலோ என்ஜின் கட்டுக்கடங்காமல் ஓடத் தொடங்கும். அப்போது டீசல் குழாயை மூடினாலும் உடனே நிற்காது. காற்று நுழையும் வாயைத் தடித்த பலகையால் அடைக்க வேண்டும், கையால் அல்ல. சக்கரத்துக்கு நேரே யாரும் நிற்கக் கூடாது.

தண்ணீர் இறங்கிவிட்டது என்று கிணற்றுத் திட்டில் என்ஜினை இறக்கி வைப்பவர்கள், பழுது பார்க்க ஓட விட்டபடியே அருகில் குனிந்திருக்கிறார்கள். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஒருவர் மயங்கி விழ, தூக்கப் போனவரும் விழுந்து இறந்த சம்பவங்கள் உண்டு. சைலன்சர் குழாயைக் கிணற்று வாய்க்கு மேலே நீட்டினால் மட்டும் போதாது. சோதனை ஓட்டம் பார்க்கும் நேரத்தில் யாரும் கிணற்றுக்குள் இருக்கவே கூடாது.