வில்லங்கத்தோடு வந்த வெகுமதி

முதல் உலகப் போரில் புகழ்பெற்ற அமெரிக்கப் படைவீரர் யார் என்று வினவினால், அந்நாட்டினர் பலரும் ஆல்வின் யார்க்கின் பெயரையே கூறுவர். 1918 அக்டோபர் 8 அன்று பிரான்சின் ஆர்கான் காட்டுப் பகுதியில், எஞ்சியிருந்த ஏழு தோழர்களுடன் 132 ஜெர்மானியரைச் சிறைப்பிடித்து வந்தவர் அவர். கேரி கூப்பர் நடித்த ‘சார்ஜென்ட் யார்க்’ என்னும் 1941ஆம் ஆண்டுத் திரைப்படம் அக்கதையை உலகறியச் செய்தது. வங்கிப் பணியில் உள்ள நமது கவனமோ, அவர் ஊர் திரும்பிய பின்னர் நிகழ்ந்தவற்றின் மீதே செல்கிறது.

டென்னசி மாநிலத்து மலைப்பகுதியில் பால்மால் என்னும் சிற்றூரில் 1887 டிசம்பர் 13 அன்று பிறந்தார். பதினொரு பிள்ளைகளுள் மூன்றாமவர். தந்தை 1911இல் மறைந்தபோது குடும்பப் பொறுப்பு இவர் தோளில் விழுந்தது. குடியும் கைகலப்புமாகத் திரிந்த இளைஞர், 1915 தொடக்கத்தில் மனந்திரும்பிச் சிறியதொரு திருச்சபையில் சேர்ந்தார், பாடல்களை முன்னின்று நடத்தினார், மூப்பராகவும் ஆனார். கொலை செய்யாதிருக்க வேண்டும் என்ற கட்டளைக்கு அவர் விதிவிலக்கு எதையும் அறியார். 1917இல் கட்டாயப் படைச்சேர்ப்பிலிருந்து விலக்குக் கோரினார், கிடைக்கவில்லை. பயிற்சி முகாமில் மேஜர் ஜார்ஜ் எட்வர்ட் பக்ஸ்டன் அவரை அதட்டிப் பணிய வைக்காமல், வேதாகமத்தைக் கொண்டே அவருடன் உரையாடினார். பின்னர் விடுப்பில் ஊர் சென்ற யார்க், மலையில் தனித்திருந்து ஜெபித்து, மனம் தெளிந்து படைக்குத் திரும்பினார்.

1919 மே மாதம் நியூயார்க் நகரம் அவரைக் கோலாகலமாக வரவேற்றது. மேடைகளிலும் விளம்பரங்களிலும் தோன்றுமாறு பெரும்பணத்துடன் பலர் அழைத்தனர். சீருடையை விற்பனைப் பொருளாக்க இசையாத அவர், ஊர் சென்று, ஜூன் 7 அன்று கிரேசி வில்லியம்சை மணந்தார். மாநில ஆளுநரே திருமணத்தை நடத்தி வைத்தார்.

நாஷ்வில் ரோட்டரி சங்கத்தார் அவருக்கு நல்லதொரு பண்ணையை வாங்கித் தர முன்வந்தனர். நிலம் தவணையில் வாங்கப்பட்டது. நன்கொடையோ எதிர்பார்த்த அளவு சேரவில்லை. கால்நடைக்கும் கருவிகளுக்கும் யார்க்கே கடன் வாங்க நேர்ந்தது. அந்நேரம் பார்த்து விளைபொருள் விலைகள் சரிந்தன. நிலத்தின் தவணைகளும் அவர் தலையிலேயே வந்து விழுந்தன. எங்கள் அலுவலக மொழியில் கூறுவதாயின், வெகுமதியின் மீதே வில்லங்கம் இருந்தது. அளித்தவர்களின் நல்லெண்ணத்தை நாம் ஐயுறவில்லை. ஆயினும் நிலத்தை மட்டும் காட்டிவிட்டு, முதல் விளைச்சல் வரையிலான செலவுக்கு வழி வகுக்காத திட்டம் எங்கும் தள்ளாடும் என்பதை வேளாண் கடன் பிரிவில் பணிபுரிந்த எவரும் அறிவர்.

1921இல் அவர் பொதுமக்களிடம் உதவி நாட வேண்டியதாயிற்று. நாளேடுகள் அவருடைய வரவு செலவை அலசின. சில கடிந்தும் எழுதின. எத்துன்பத்தையும் பழகிக்கொள்ளலாம், கடன்பட்டிருப்பதை மட்டும் இயலாது என்ற பொருளில் அவர் கூறியதாக அறிகிறோம். போர்முனையைக் கண்டவரின் சொல் இது. நாடெங்கிலுமிருந்து வந்த நன்கொடையால் அவ்வாண்டு கிறிஸ்துமஸ் வேளையில் அச்சுமை இறங்கியது.

இத்துணை பட்டவர் மீண்டும் கடன் பக்கம் திரும்பார் என்றே எண்ணத் தோன்றும். தமக்குக் கிட்டாத பள்ளிக்கல்வி மலைப்பகுதிப் பிள்ளைகளுக்குக் கிடைக்க வேண்டும் என்று ஜேம்ஸ்டவுனில் பள்ளியொன்றை நிறுவிய அவர், மாணவரை அழைத்துவரும் பேருந்துச் செலவுக்காகத் தம் பண்ணையையே அடமானம் வைத்தார். கடன் அதிகாரியாக நாம் அவ்விண்ணப்பத்தைத் தயக்கத்துடனேயே பார்த்திருப்போம். 1936இல் பள்ளித் தலைமையிலிருந்து அவர் விலக, அது மாநில அரசின் பொறுப்பில் சென்றது.

நெடுநாள் மறுத்து வந்த திரைப்படத்துக்கு அவர் இறுதியில் இசைந்ததும், வேதாகமப் பள்ளி ஒன்றுக்குப் பொருள் சேர்க்கும் எண்ணத்தாலேயே. அவ்வருவாய் மீது 1951இல் வருமான வரித்துறை வழக்கெழுப்பியது. பக்கவாதம் தாக்கிப் படுக்கையில் கிடந்த ஆண்டுகளிலும் அது தொடர்ந்தது. மக்களவைத் தலைவர் சாம் ரேபர்ன் முன்னின்று திரட்டிய நிதியால் 1961இல்தான் கணக்கு முடிந்தது. 1964 செப்டம்பர் 2 அன்று யார்க் காலமானார்.

பிள்ளைகளுக்கு நாட்டுத் தலைவர்களின் பெயர்களைச் சூட்டுவது அவ்வீட்டு வழக்கம். உட்ரோ வில்சன், ஆண்ட்ரூ ஜாக்சன், தாமஸ் ஜெஃபர்சன் என அப்பெயர்கள் நீளும். ஒரு மகனுக்கு மட்டும், முகாமில் வேதாகமத்தைக் கொண்டு தம்முடன் உரையாடிய மேஜரின் முழுப்பெயரை வைத்தார். அம்மகன் பின்னாளில் போதகரானார். கிரேசி அம்மையார் கணவருக்குப் பின் இருபது ஆண்டுகள் வாழ்ந்தார். ஜேம்ஸ்டவுன் பள்ளி இன்றும் நடைபெற்று வருகிறது.