புது ஆல்டர்னேட்டரும் சார்ஜ் பண்ணலையா? இன்னொண்ணு வாங்குறதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க

இந்த எபிசோட் பழைய கார் வெச்சிருக்கிறவங்களுக்கு. பேட்டரி அடிக்கடி டவுன் ஆச்சு, ஆல்டர்னேட்டர் போச்சுன்னு சொன்னாங்க, மாத்தியாச்சு. ஒரு மாசம்கூட ஆகலை, காலையில சாவியைத் திருப்பினா திரும்பவும் "டிக் டிக்" சத்தம். "பீஸ் சரியில்லை, வேற போட்டுடலாம்" என்கிறார் மெக்கானிக். நிறைய பழைய வண்டிகள் காயலான் கடைக்குப் போறது இந்த இடத்துலதான். நல்லா ஓடுற இன்ஜின் இருந்தும், "இதுக்கு மேல செலவு பண்ண முடியாது"ன்னு வீட்டுல முடிவு பண்ணிடுவாங்க.

நான் சொல்ல வர்றது ஒண்ணுதான்: பீஸை மாத்துறது டெஸ்ட் ஆகாது. சில நூறு ரூபாய் மல்டிமீட்டரும் இருபது நிமிஷமும் இருந்தா, தப்பு ஆல்டர்னேட்டர்லயா, அதைச் சுத்தி இருக்கிற ஒயர்லயான்னு நீங்களே பிரிச்சுப் பார்க்கலாம்.

உள்ளே என்ன நடக்குது?

பழைய மெக்கானிக்குகள் இன்னும் "டைனமோ"ன்னுதான் சொல்வாங்க. இன்ஜின்ல இருந்து ஒரு பெல்ட் வந்து இதைச் சுத்துது. உள்ளே சுத்துற ரோட்டர் ஒரு மின்காந்தம். அதுக்குக் கொஞ்சம் கரண்ட் கொடுத்தாத்தான் காந்தமே ஆகும். வெளியே வர்ற ஏசி கரண்ட்டை டயோடுகள் டிசியா மாத்தும். வோல்டேஜ் ஏறிடாம, இறங்கிடாம ரெகுலேட்டர் பார்த்துக்கும்.

முதல்ல பார்க்க வேண்டியது

இன்ஜினை நிறுத்தி சில மணி நேரம் கழிச்சு பேட்டரியை அளங்க. 12.6 வோல்ட் இருந்தா ஃபுல் சார்ஜ். 12.2 என்றால் பாதிதான். காலியான பேட்டரியோட புது ஆல்டர்னேட்டரை ஓட்டாதீங்க. முழு லோடுல ரொம்ப நேரம் ஓடி சூடாகும். முதல்ல வெளிச் சார்ஜர்ல ஏத்திடுங்க. பெல்ட் லூஸா இருக்கா, ஹெட்லைட் போட்டதும் கிறீச்சுன்னு கத்துதான்னும் பாருங்க.

அடுத்து, இன்ஜின் ஸ்டார்ட் பண்ணாம சாவியை மட்டும் ஆன் பண்ணுங்க. டேஷ்போர்டுல சிவப்பு பேட்டரி லைட் எரியணும். எரியலைன்னா "நல்ல சகுனம்"னு விட்டுடாதீங்க. பல பழைய கார்கள்ல அந்தக் குட்டி பல்ப் வழியாத்தான் ரோட்டருக்கு முதல் கரண்ட்டே போகும். பல்ப் போயிருந்தாலோ, அந்த மெல்லிய ஒயர் கட் ஆகியிருந்தாலோ, எவ்வளவு நல்ல ஆல்டர்னேட்டரும் சும்மா சுத்திட்டு இருக்கும்.

முக்கியமான நாலு ரீடிங்

இப்போ இன்ஜினை ஓட விட்டு, ஹெட்லைட், ப்ளோயர் ரெண்டையும் போட்டு, ஆக்ஸிலேட்டரை லேசா கொடுத்து வெச்சுக்கோங்க. மீட்டர் டிசி வோல்ட்ல இருக்கட்டும்.

ஒண்ணு, பேட்டரியோட ரெண்டு முனைக்கும் நடுவுல. பொதுவா 13.8-லிருந்து 14.5 வரை இருக்கணும்.
ரெண்டு, ஆல்டர்னேட்டர் பின்னாடி இருக்கிற பெரிய போல்ட்டுக்கும் அதோட உடம்புக்கும் நடுவுல.
மூணு, அந்தப் பெரிய போல்ட்டுக்கும் பேட்டரி பாசிட்டிவுக்கும் நடுவுல. 0.3-க்குக் கீழ இருக்கணும்.
நாலு, ஆல்டர்னேட்டர் உடம்புக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவுல. 0.2-க்குக் கீழ இருக்கணும்.

எங்க வீட்டு 2002 மாடல் காரோட கணக்கைச் சொல்றேன். புது ஆல்டர்னேட்டர் போட்டு மூணு வாரம். பேட்டரியில 12.8. ஆனா ஆல்டர்னேட்டர்லயே அளந்தா 14.2! நடுவுல 1.4 வோல்ட் காணோம். மூணாவது ரீடிங் 0.2, அது ஓகே. நாலாவது 1.2. ஆக, தப்பு எர்த் பக்கம். இன்ஜின்ல இருந்து பேட்டரிக்கு வர்ற எர்த் கேபிளோட லக்குக்குப் பக்கத்துல ரப்பரைக் கீறிப் பார்த்தா, உள்ளே செம்பு பச்சை பிடிச்சு பொடியா உதிர்ந்தது. வெளியே பார்க்க கேபிள் அம்சமா இருந்துச்சு. கேபிளை மாத்தினதும் பேட்டரியில 14.1 வந்துடுச்சு. அந்த வண்டியை விக்கிற பேச்சும் அதோட நின்னுது.

எச்சரிக்கை லைட் ஏன் எரியலை? ஆல்டர்னேட்டர் தன் வாசல்ல 14.2 இருக்குன்னு பார்க்குது, "என் வேலை முடிஞ்சுது"ன்னு நினைச்சுக்குது. நம்ம ஆபீஸ்ல மானிட்டரிங் டேஷ்போர்டு முழுக்கப் பச்சையா இருக்கும், யூசருக்கு மட்டும் பேஜ் ஓப்பன் ஆகாதே, அதே கதை. சர்வர் பக்கம் மட்டும் அளந்தா பிரச்சினை தெரியாது. இன்னொரு தடயமும் இருந்துச்சு: ஃபுல் சார்ஜ் பேட்டரியிலயும் ஸ்டார்ட்டர் இழுத்து இழுத்துத்தான் சுத்தும். அதே எர்த் வழியாத்தானே அதுவும் கரண்ட் எடுக்குது!

அப்போ ஆல்டர்னேட்டர் எப்போ குற்றவாளி?

பெல்ட், லைட் ரெண்டும் சரியா இருந்தும், ரெண்டாவது ரீடிங்கே 13.5 தாண்டலைன்னா சந்தேகம் நேரா அது மேலதான். அப்புறம் மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாத்தி பேட்டரியில வைங்க. அரை வோல்ட்டுக்கு மேல காட்டினா டயோடு போயிருக்க வாய்ப்பு அதிகம். ரீகண்டிஷன் பீஸ்ல இது சகஜம். இந்த நம்பர்களை எழுதி வாரண்டியோட கடைக்குப் போங்க. "சார்ஜ் ஆகலை"ன்னு சொல்றவரைவிட "போல்ட்டுல 12.9, ஏசி 0.8"ன்னு சொல்றவருக்கு மரியாதை கொஞ்சம் கூட கிடைக்கும்.

மூணு விஷயம் மட்டும் கவனம். இன்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழட்டி "டெஸ்ட்" பண்ண யாரையும் விடாதீங்க. வோல்டேஜ் சட்டுன்னு எகிறி டயோடு, ரெகுலேட்டர், ஈசிஎம் எல்லாத்தையும் காவு வாங்கிடும். ஆல்டர்னேட்டர் போல்ட்டுல கை வைக்கும் முன்னாடி, இன்ஜினை நிறுத்திட்டு பேட்டரி நெகட்டிவைக் கழட்டிடுங்க. ஓடுற இன்ஜின் பக்கத்துல துப்பட்டா, தொங்குற டேக், மீட்டர் ஒயர் எதுவும் பெல்ட்டுக்கிட்ட போகக் கூடாது.

மீட்டர் பிடிக்கத் தயக்கமா இருந்தா, ஆட்டோ எலக்ட்ரீஷியன்கிட்ட போய் இப்படிக் கேளுங்க: "அண்ணா, பீஸைக் கழட்டுறதுக்கு முன்னாடி எர்த்லயும் பாசிட்டிவ் ஒயர்லயும் எவ்வளவு டிராப் ஆகுதுன்னு லோடுல பார்த்துச் சொல்றீங்களா?" வேலை தெரிஞ்சவர் உடனே மீட்டரை எடுப்பார். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.